பொதுவான மன்னிப்பு

இமயமலை யாத்திரைக்குப் போவது என்று முடிவானதும் அவள் கணவர் முதலில் செய்த காரியம், குரலைத் தாழ்த்திக்கொண்டதுதான். ஓய்வு பெறும்வரை குளிர்பதனக் கிடங்கில் சூப்பர்வைசராக இருந்து, கண்ணாடி அறைக்குள்ளிருந்தே கத்திப் பழகிய தொண்டை அது. ஒரே வாரத்தில் உடம்புக்கு முடியாத பூனை மாதிரி ஆகிவிட்டது.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று ஒருநாள் கேட்டார். சொந்த வீட்டில், கட்டின மனைவியிடம்.

"கிடைக்கும். எழுந்து நாலடி நடந்தா" என்றாள்.

அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் பல்செட் செய்கிறவள். பிளாஸ்டர் அச்சு எடுத்து, மெழுகில் வரிசையாகப் பல் நட்டு, கடி சரியாக உட்காரும்வரை தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பது அவள் வேலை. ஒரு பக்கமாகவே மெல்லுகிறவர் யார், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர் யார் என்று அச்சைப் பார்த்தே சொல்லிவிடுவாள். தன் கணவரைப் பற்றித் தெரிந்துகொள்ள அவளுக்கு அச்சு எதுவும் தேவைப்படவில்லை.

யாத்திரைக் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மரச்சாமான் கடையின் மாடியில் கூடியது. அதன் தலைவர் ஏற்கெனவே மூன்று முறை அங்கே போய், புனித ஏரியில் முங்கி, மலையைச் சுற்றி வந்தவர். எந்தப் பேச்சை எடுத்தாலும் "நான் மூணு தடவை போனவன், சொல்றேன் கேளுங்க" என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் அவள் அவருக்கு 'மூணுதடவை' என்று பெயர் வைத்திருந்தாள். எந்தக் கம்பளி வாங்க வேண்டும், ஏரியில் இறங்குவதற்கு முன் முதலில் எதை நனைக்க வேண்டும், மூச்சு முட்டினால் எப்படி நிற்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, முப்பது பேர் தலையாட்டினார்கள். வீட்டில் ஒருத்தர் சொல்லையும் கேட்காத தலைகள் என்பது ஆட்டுகிற விதத்திலேயே தெரிந்தது.

அவள் கணவர் வாசல் மாடிப்படியில் ஏறி இறங்கிப் பயிற்சி எடுத்தார். முதுகில் ஒரு பை, அதற்குள் பழைய செய்தித்தாள் கட்டு. இரண்டாவது மாடி வந்ததும் அங்கே குடியிருக்கிற தையற்காரர் வீட்டு வாசலில் நின்று, அவர் நலம், மனைவி நலம், மிஷின் நலம் எல்லாம் விசாரிப்பார். இவ்வளவு அன்பான மனுஷனா என்று தையற்காரர் மனைவி வியந்துபோனாள். அன்பெல்லாம் இல்லை, மூச்சு வாங்கியது.

"குளிரைப் பத்தி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். குளிர்லயே வாழ்ந்தவன் நான்" என்பார் வருகிறவர்களிடம்.

அவர் வாழ்ந்தது மின்விசிறி வைத்த கண்ணாடி அறையில். குளிருக்குள் போனவர்கள் மூட்டை தூக்கினவர்கள்.

ஒரு ஞாயிறு மூணுதடவை புதிதாக ஒன்றைச் சொன்னார். "மலைக்குப் போறதுக்கு முன்னாடி, நாம யார் மனசையாவது நோகடிச்சிருந்தா நேர்ல போய் மன்னிப்புக் கேட்டுடணும். அந்த உயரத்துல நம்ம மூச்சைத் தூக்கவே ஆள் வேணும். பழைய பாரத்தையும் சேத்துத் தூக்க முடியாது."

அவள் கணவருக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. மறுநாளே கிளம்பினார். முதலில் போனது அவளுடைய தம்பி வீட்டுக்கு. கைகூப்பிக்கொண்டு, "தெரிஞ்சோ தெரியாமலோ உன் மனசு நோகுற மாதிரி ஏதாவது நடந்திருந்தா, பொதுவா மன்னிச்சுடுப்பா" என்றார். தம்பி பதறிப்போய், "என்ன அத்தான் இது, நீங்க போய் என்கிட்ட" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். டீ வந்தது. கழுவிவைத்த பாத்திரம் மாதிரி பளபளக்கிற முகத்தோடு அவர் திரும்பி வந்தார்.

அப்புறம் முடிதிருத்துகிறவர், அடுத்த தெரு மருந்துக்கடைக்காரர், எப்போதோ கூடப் படித்தவர். யாருக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லையோ அவர்களையே தேடித் தேடிப் போனார். எல்லா இடத்திலும் பதற்றம், கைப்பிடிப்பு, டீ.

வீட்டில் இருப்பவளிடம் கேட்கவில்லை. கேட்டால் சீக்கிரத்தில் முடிகிற வேலையில்லை என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பாஸ்போர்ட் நகல் எடுக்க இருவரும் போனபோதுதான் அந்த ஜெராக்ஸ் கடைக்காரர் குறுக்கே வந்தார். வழக்கமான கடை பூட்டியிருந்தது. சந்தைக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது என்று யாரோ சொல்ல, அங்கே போனார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்ற ஐம்பது வயது ஆளைப் பார்த்ததும் அவள் கணவரின் நடை தளர்ந்தது. கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். வலது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றிருந்தன. மற்ற விரல்நுனிகளில் உணர்ச்சி இல்லை போல. தாளைத் தடவிப் பிரிக்காமல், வாயால் ஊதிப் பிரித்தார்.

அவளுக்கு அந்தக் கதை தெரியும். உறைநிலை அறைக் கதவு வெளியே சாத்திக்கொண்டது, உள்ளே இருக்கிற கைப்பிடி உடைந்திருந்தது, விரல்கள் உறைந்துபோகிறவரை இந்த ஆள் உள்ளே மாட்டிக்கொண்டார். அன்றைக்குக் கணவர் வீட்டுக்கு வந்து, "ஒரு மடையன் கதவைச் சரியாப் பாக்காம உள்ள போய் மாட்டிக்கிட்டான்" என்று சொல்லிவிட்டு வயிறாரச் சாப்பிட்டார். அறிக்கையிலும் அதையே எழுதினார். மடையன் என்ற சொல் மட்டும் அதில் இல்லை.

"நல்லா இருக்கியாப்பா?" என்றார் இப்போது.

"இருக்கேன் சார். எத்தனை காப்பி?"

"ரெண்டு ரெண்டு." கொஞ்சம் தயங்கினார். பிறகு, வந்த இடத்தில் இதையும் முடித்துவிடலாம் என்று தோன்றியதோ என்னவோ, கைகூப்பினார். "நான் இமயமலைக்கு யாத்திரை போறேன்ப்பா. தெரிஞ்சோ தெரியாமலோ உன் மனசு நோகுற மாதிரி ஏதாவது நடந்திருந்தா, பொதுவா மன்னிச்சுடு."

கடைக்காரர் மிஷினின் மூடியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தார்.

"எதுக்கு சார்?"

"என்னது?"

"எதுக்கு மன்னிக்கணும்னு சொல்லுங்க."

"அதான்ப்பா, பொதுவா."

"பொதுவா மன்னிக்க எனக்குத் தெரியாது சார். எதுன்னு சொன்னா யோசிக்கலாம்." நகல்களைத் தட்டிச் சேர்த்து நீட்டினார். "நீங்களே யோசிச்சு எடுத்துட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் கணவருக்குப் பழைய தொண்டை திரும்பியது. "திமிர் பாத்தியா அவனுக்கு? ஒரு பெரிய மனுஷன் கைகூப்பிக்கிட்டு நிக்கிறேன்."

"கூப்பினது நீங்க. பெரிய மனுஷன் யாரையும் நான் அங்க பாக்கலை" என்றாள்.

இரண்டு நாள் மாடிப்படி ஏறவில்லை. மூன்றாம் நாள் ஒரு புதுக் கவலையோடு வந்து உட்கார்ந்தார். "ஒருத்தன் மனசுல வெச்சுக்கிட்டே இருக்கும்போது நான் மலைக்குப் போறது தப்பில்லையா? பாரத்தோட போகக் கூடாதுன்னு தலைவரே சொல்லியிருக்கார்." சொல்கிறபோது வாய் துக்கப்பட்டது. கண்ணில் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட சந்தோஷம். அடுத்த வாரம் குழுவில் எல்லோருக்கும் இதயப் பரிசோதனை என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. யோசித்துப் பார்த்தால், அந்த மனிதருடைய விரல்கள் இவருக்கு இரண்டாவது முறையாகப் பயன்படப் போகின்றன.

அந்த ஞாயிறு அவளும் கூடப் போனாள். கணவர் எழுந்து, தாழ்ந்த குரலில் தன் தர்மசங்கடத்தைச் சொன்னார். "ஒருத்தர் மன்னிக்க மாட்டேங்கிறார். அதனால இந்த வருஷம் நான் ஒதுங்கிக்கிறதுதான் நியாயம்னு தோணுது."

மூணுதடவை சிரித்துவிட்டார். "அட, இதுக்கா? எனக்கும்தான் ரெண்டு பேர் முடியாதுன்னாங்க. ஒருத்தர் கதவையே திறக்கலை. அவங்க பாடு. நாம கேட்டாச்சு, நம்ம கடமை முடிஞ்சுது. உக்காருங்க. அடுத்தது, காலுறை."

கணவர் உட்கார்ந்தார். தப்பிக்க வைத்திருந்த ஒரே ஜன்னலையும் தலைவரே சாத்திவிட்டார். கணவரின் காதுமடல் சிவந்திருப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம் என்று தோன்றவில்லை. தோன்ற வேண்டும் என்று அவள் முயற்சியும் செய்யவில்லை.

வீடு திரும்பும் பஸ்ஸில் அவர் மெதுவாகச் சொன்னார். நடிப்புக் குரல் இல்லை. "எனக்குப் பயமா இருக்கு."

"எதுக்கு?"

"அங்க போய் மூச்சு நின்னுடுமோன்னு. இங்க ரெண்டு மாடிக்கே முடியலை. போகலைன்னா நாலு பேர் சிரிப்பாங்க. அதுவும் பயம்."

பல மாதங்களில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நிஜம். அதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. திட்டுவதற்கு எத்தனையோ சேர்த்து வைத்திருந்தாள், எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. "போகாதீங்க. டாக்டர் வேண்டாம்னாருன்னு நானே சொல்லிடறேன்" என்றாள். குழுவில் சொல்லியும் விட்டாள். தன் ஆஸ்பத்திரியில்கூட அப்படித்தான் சொன்னாள், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, காலையில் அவர் தனியாக எங்கேயோ போய்விட்டு வந்தார்.

"அந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்" என்றார். "'கைப்பிடி உடைஞ்சிருக்குன்னு நீ முன்னாடியே சொன்னே, நான்தான் அப்புறம் பாக்கலாம்னு விட்டேன், கடைசியில உன் மேலயே எழுதிட்டேன்'னு அவன்கிட்ட சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. மிஷின்ல பேப்பர் மாட்டிக்கிச்சு, அதை இழுத்துட்டு இருந்தான். அப்புறம், 'சரி சார், பின்னாடி ஆள் நிக்கிறாங்க'ன்னான். வந்துட்டேன்."

அன்று சாயங்காலம் அவர் கேட்காமலேயே டீ போட்டுக் கொடுத்தாள். எத்தனை வருஷத்துக்குப் பிறகு என்று அவளுக்கே தெரியாது.

அந்த மரியாதை யாத்திரைக் குழுவின் வழியனுப்பு விழா வரைக்கும்தான் தாங்கியது. போகாதவர்கள் சார்பாக இவர் பேச வேண்டும் என்றார்கள். மைக்கைப் பிடித்ததும் அந்தப் பூனைக்குரல் மறுபடி வந்தது.

"நீங்க எல்லாரும் ஒரு மலைக்குப் போறீங்க. என் மலை, சந்தைக்குப் பின்னாடி ஒரு சின்ன ஜெராக்ஸ் கடைக்குள்ள இருந்தது." கிடங்கு, குளிர், கதவு, விரல்கள் எல்லாவற்றையும் அழகாக வரிசைப்படுத்திச் சொன்னார். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினார். "உண்மையைச் சொன்னேன். அந்தத் தொழிலாளி ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதார். நான் தரிசனம் பண்ணிட்டேங்க."

கைதட்டல் அடங்கவே இல்லை. மூணுதடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்குப் பக்கத்தில் இருந்த பெண்மணி அவள் முழங்கையைத் தொட்டு, "கொடுத்து வெச்சவங்கம்மா நீங்க" என்றாள்.

"கொடுத்து வெச்சவர் வேற ஒருத்தர்ங்க. விரலையே கொடுத்தார்" என்றாள் இவள். அந்தப் பெண்மணி புரிந்த மாதிரி சிரித்தாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் அவள் ஜெராக்ஸ் கடைக்குப் போய், தன் கணவர் மேடையில் பேசியதை ஒன்று விடாமல் சொன்னாள். கடைக்காரர் ஒரு புத்தகத்துக்குச் சுருள்கம்பி கோத்துக்கொண்டே கேட்டார்.

"பேசிட்டுப் போகட்டும்மா. நான் கட்டிப்பிடிச்சேன்னு மட்டும் சொல்ல வேண்டாம்னு சொல்லுங்க. என் சம்சாரம் காதுல விழுந்தா சிரிப்பா."

"கோபம் வரலையா உங்களுக்கு?"

"அவர் மேலயா?" கம்பியை முறுக்கி நுனியை வெட்டினார். "அதுக்கெல்லாம் அவர் அவ்வளவு முக்கியமான ஆள் இல்லம்மா. வேற ஏதாவது காப்பி எடுக்கணுமா?"

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர் கொஞ்சம்கூட அசரவில்லை. "பேரைச் சொல்லலையே. ஒரு பேச்சுன்னா கடைசியில ஏதாவது இருக்கணும்ல?"

"இருந்துதே. பேப்பர் மாட்டிக்கிச்சே."

"அதைப் போய் மேடையில சொல்லுவாங்களா?" பிறகு, சமாதானத்துக்காகவோ என்னவோ, "உன்கிட்டயும் ஒருநாள் கேக்கணும்னுதான் இருந்தேன்" என்றார்.

"மைக் இல்லாத நாளாப் பாத்துக் கேளுங்க."

குழு புறப்பட்டுப் போனது. அவர் வீட்டில் உட்கார்ந்தபடி யாத்திரையை நடத்தினார். போனில் கூப்பிடுகிறவர்களிடம், இன்றைக்கு எங்கே தங்கியிருப்பார்கள், அங்கே காற்று எப்படி இருக்கும் என்றெல்லாம் விளக்கினார். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மலையிலிருந்து படங்கள் வந்து குவிந்தன. அவர் இடது கையால் தள்ளித் தள்ளிக் காட்டினார். தலைவர், தலைவர் மனைவி, தலைவர் கம்பளித் தொப்பியோடு. நடுவில் ஒன்று வேகமாக நகர்ந்தது.

"இருங்க. முந்தினதைக் காட்டுங்க" என்றாள்.

அதில் ஆள் யாரும் இல்லை. யாரோ கைதவறி எடுத்திருக்க வேண்டும். ஏரி கீழே பாதி, மேலே வெள்ளையாக மலை. தண்ணீரின் நீலம் அவளுக்குத் தெரிந்த எந்த நீலமும் இல்லை. அது எவருடைய பாரத்தையும் கேட்கவில்லை, எவரையும் வரச் சொல்லவும் இல்லை. இந்த முப்பது பேருடைய தலையாட்டலும் கைகூப்பலும் இந்த மனுஷனுடைய பேச்சும் இதைப் பற்றியா நடந்தது என்று நினைத்தாள். நம்ப முடியவில்லை.

"அது சும்மா தண்ணிதான். அடுத்ததைப் பாரு, தலைவர் முங்குறார்" என்று அவர் விரலை நீட்டினார்.

அவள் போனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தட்டை அப்படியே விட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்குப் போனாள்.