வெள்ளை வாத்து வந்த காலை

தரையில் நெற்றி படக் கும்பிட்டு எழுந்த நால்வரின் காலுறைகளிலும் சேறு. மருத்துவமனையின் கீழ்த்தளத்து இழவு மண்டபத்தில் ஈரத்தடம் பதிவதைப் பார்த்துத் தாஹே பல்லைக் கடித்தாள். துக்கம் விசாரிக்க வருகிற அன்றுகூட ஏரிக்கரைக்குப் போகாமல் இருக்க முடியவில்லையாக்கும்!

அப்பாவோடு இல்சான் ஏரிப் பூங்காவில் பறவைப் படம் எடுக்கிற கிழங்கள். இவள் கல்யாணத்தன்று, "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, இவர்களோடு வாத்துக் கூட்டத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டார் அப்பா. கல்யாண மண்டபத்தில் ஒரு மணி நேரம்தான் கொடுப்பார்கள். மணமேடைவரை கைபிடித்து அழைத்துப்போக அப்பா இல்லாமல் தாஹே தனியாக நடந்தாள். "இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க" என்று சொன்னது அன்றைக்குத்தான். இரண்டு வருஷமாகப் பேச்சில்லை.

நேற்றுக் காலை மனசு கேட்காமல் அவளாகவே கூப்பிட்டாள். ஐந்து தடவை அடித்தது. பூங்காவில் போனை ஊமையாக்கிவிடுகிற ஆள்தானே, வாத்துதான் அவருக்குப் பெரிசு என்று துண்டித்து, போனையும் அணைத்துப்போட்டாள். பத்து மணிக்குப் போனை மறுபடி போட்டபோது, அப்பாவுக்குப் பூங்கா பெஞ்சிலேயே உயிர் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கிற காரச் சூப்பை அவர்கள் முன் வைத்தாள்.

"நேத்து போன் போட்டது நீதானாம்மா?" என்றார் மூத்தவர் குவாக்.

"ஆமா மாமா. அவர்தான் எடுக்கலையே."

"எடுக்கலையா! மூணு குளிர்காலமா ஒரே ஒரு வெள்ளைக் காட்டு வாத்துக்குத் தவம் கிடக்கோம். நேத்துதான் வந்துச்சு. மூச்சுவிடாம நிக்கறோம், உங்கப்பா சட்டைப் பையில போன் அலறுது. அத்தனையும் பறந்துருச்சு."

"நாலு பேரும் கோட்டை விட்டோம்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"ஊமையா வைக்கலையா?"

"உன் கல்யாணத்துக்கப்புறம் வைக்கவே இல்லையே இந்த மனுஷன்! எவ்வளவு திட்டியிருக்கோம். 'என் பொண்ணு கூப்பிட்டா என்ன பண்றது?'ம்பார். நேத்து தடிக் கையுறை. தொட்டுத் தொட்டுப் பார்க்கறார், எடுபடல. பல்லால கடிச்சு உருவறதுக்குள்ள நின்னுபோச்சு."

"திரும்பக் கூப்பிட்டிருக்கலாமே..."

"சொன்னோம்மா. 'கூப்பிடாதேன்னு சொல்லியிருக்கா, அவளே மறுபடி கூப்பிடுவா'ன்னு தனியா பெஞ்சுல போய் உக்காந்தார். வாத்து திரும்பி வந்துச்சு. உங்கப்பா கேமரா பக்கமே வரல. போனைக் கையில வச்சுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே இருந்தார்."

தாஹேவுக்கு ஒரே ஒரு தடவை அவர் குரலைக் கேட்டால் போதும் போலிருந்தது. அப்பாவின் படத்துக்குக் கீழே மருத்துவமனையில் அவர் சாமான்களைப் போட்டுக் கொடுத்த பை அப்படியே கிடந்தது. தன் போனை எடுத்து அவர் எண்ணை அழுத்தினாள்.

பைக்குள் போன் அலறியது. மண்டபத்தில் கரண்டிகள் நின்றன. "யோவ், வாத்து..." என்று பழக்கதோஷத்தில் அதட்டப் போன குவாக் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார்.

தாஹே பையைத் திறந்து பார்த்தாள். விரிசல் விட்ட திரையில் 'என் பொண்ணு' என்று வந்தது.

அது அடித்து ஓயும்வரை அவள் துண்டிக்கவில்லை.