மறைப்புக்குள் ஒரு சைக்கிள்

அரநாயக்கப் பக்கத்து இறப்பர்த் தோட்டத்தில், அந்த வருஷம் எல்லாரையும்விட அதிகமாகப் பால் வெட்டிக் கொண்டுவந்தவர் என்று மூக்கையாவுக்கு ஒரு சைக்கிளைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் குடியிருந்த லயத்து வீடு ரோட்டிலிருந்து நூற்றுச் சொச்சப் படிகளுக்கு மேலே இருப்பதைக் கொடுத்தவர்களும் யோசிக்கவில்லை, வாங்கியவரும் யோசிக்கவில்லை. அவர் சைக்கிள்மேல் போனதைவிடச் சைக்கிள் அவர்மேல் போனதுதான் அதிகம்.

வெளியே விட்டால் களவு போய்விடுமாம். மழை பட்டால் துருப்பிடிக்குமாம். ஆகவே வீடென்று இருந்த ஒற்றைக் காம்பராவில் கூரை ஒழுகாத ஒரே மூலையை அது பிடித்துக்கொண்டது. மனைவி புஷ்பம் படுத்துக் காலை நீட்டினால் பெடல் இடிக்கும். "பாத்து, பெயின்ட் போயிரும்" என்பார் மூக்கையா. கால் போனால் பரவாயில்லை போலிருக்கிறது.

இப்படி இரண்டு வருஷம் ஓடி, தொண்ணூற்றெட்டு ஐப்பசியில் மகள் பிரேமலதா பெரியவளானாள். பதினாறு நாள் தனி மூலையில் மறைப்புக் கட்டி உட்கார வேண்டும். பத்தாம் நாளோ ஆண்டிறுதிப் பரீட்சை. அதை எழுதினால்தான் டவுன் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கும். புஷ்பம் கெஞ்சிப் பார்த்தாள்.

"பதினாறு நாள்னா பதினாறு நாள்தான். நம்ம பரம்பரைப் பழக்கம். ஒரு நாளு கொறஞ்சாலும் லயத்துல தலைகாட்ட முடியாது."

"அப்ப அந்தச் சைக்கிளையாச்சும் வெளிய எடுங்க. புள்ள உக்கார எடமில்ல."

"அது பாட்டுக்கு ஓரமா நிக்கிது. சோறா கேக்குது?"

எனவே சைக்கிளையும் பிள்ளையையும் சேர்த்து மறைப்புக் கட்டினார்கள். சேலையின் ஒரு முனை ஆணியில், மறுமுனை ஹேண்டிலில்.

பிள்ளைக்கு மாற்றுத் துணி கொடுக்க டோபி வெள்ளையம்மா தினமும் வருவாள். ஒன்பதாம் நாள் காலையில் அவள் வந்தபோது, பிரேமலதா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். வெள்ளையம்மா அந்தப் புத்தகத்தைப் பார்த்தாள். துணியை மூட்டை கட்டிவிட்டுச் சைக்கிள் சீட்டைத் தட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, பதினாறாம் நாளு இதையும் எடுத்துக்கிறேன். காத்து மட்டும் அடிச்சு வையுங்க."

மூக்கையாவுக்குத் தேத்தண்ணீர் புரையேறியது. "எத?"

"மறைப்புக்குள்ள இருக்கிற பாயி, தட்டு, கோப்பை எல்லாம் டோபிக்குத்தானே? சைக்கிளும் உள்ளதானே நிக்கிது. பரம்பரைப் பழக்கம்னு நீங்கதானே லயம் பூராச் சொல்லிக்கிட்டுத் திரியிறீங்க."

"அதெல்லாம் அந்தக் காலம், வெள்ளையம்மா. இப்ப யாரு பழக்கம் பாக்குறா? ஒலகம் எங்கயோ போயிருச்சு."

புஷ்பம் அடுப்படியிலிருந்து அகப்பையோடு வந்தாள். "அப்ப நாளைக்குப் புள்ள பரீட்சைக்குப் போகலாம்."

"அது வேற..."

"வேறன்னா சைக்கிள் அக்காவுக்கு."

மூக்கையா மகளைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். சைக்கிளைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். "ஹரி, ஹரி," என்று சிங்களத்தில் சம்மதித்தார். "போகட்டும்."

அன்று சாயங்காலமே பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி மறைப்பை அவிழ்த்தாயிற்று. மறுநாள் காலை பிரேமலதா முன்னால் படியிறங்க, மூக்கையா சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு பின்னால் போனார். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "படிப்புதான் முக்கியம். பழையதையெல்லாம் நாமதான் மாத்தணும்" என்று பெரிய மனிதராகச் சொன்னார். புஷ்பத்துக்கு வயிறு எரிந்தது. பெற்ற பிள்ளை ஒன்பது நாள் அழுதும் அசையாத பழக்கம், சைக்கிளென்றதும் ஒரே மூச்சில் போய்விட்டதே. பிள்ளை போகிறாள் என்ற சந்தோஷத்தில் அதையும் விழுங்கிக்கொண்டாள்.

தண்ணீர் பிடிக்கிற பீலியடிக்குப் புஷ்பம் போனபோது வெள்ளையம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"நெசமாவே அந்தச் சைக்கிள எடுத்திருப்பீங்களா அக்கா?"

"எனக்கெதுக்கு அது? எங்காம்பராவுல எங்க வைக்க?" வெள்ளையம்மா துணியைப் பிழிந்தாள். "எம்மகளும் பரீட்சை நேரத்துலதான் உக்காந்தா, புஷ்பம். அப்ப எங்க வீட்டுல சைக்கிள் இல்ல."