பதினொரு கிண்ணம் கஞ்சி

முந்நூற்று எண்பத்தைந்து தாய்லாந்து பாட். என்னோடு ஒரே குடிசையில் இருந்த தோங்கூன் செத்துப்போனபோது அவனுக்கு இருந்த கடன் அவ்வளவுதான். முன்பு நக்கோன் சவனில் அரிசி மில்லில் மூட்டை தூக்கியபோது, அங்கே சந்தையில் லம்துவன் அக்கா கடையில் குடித்த பதினொரு கிண்ணம் நொய்க்கஞ்சிக்கு உண்டானது. மறந்துவிடுவோமோ என்று படுக்கைக்கு மேலே பலகையில் தச்சுப் பென்சிலால் எழுதி வைத்திருந்தான். நான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டது போன வருடம், நாற்பத்தோரு வயதில். அவன் போன பிறகுதான் அந்த வரியைப் படித்தேன்.

லம்பாங்கில் நாங்கள் வேலை செய்த கட்டடத்தின் ஐந்தாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தான். அவனுக்கு உறவென்று யாரும் வரவில்லை. கோயிலில் செத்தவனைச் சாப்பிடக் கூப்பிடும் வழக்கப்படி சவப்பெட்டியை மூன்று முறை தட்டி, "தோங்கூன், சாப்பிட வாடா" என்று கூப்பிட்டவன் நான்தான். மூன்றாம் நாள் எரித்தோம்.

எரித்த மறுவாரம் அது ஆரம்பித்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு அவன் படுக்கைப் பக்கத்துத் தகரத்தில் மூன்று தட்டு. பிறகு பலகை கிறீச்சிடும், ஒருவன் எழுந்து உட்காருவதுபோல. செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போகும். எழுந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. குடிசையில் இருந்த மற்ற இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். தூக்கம் கெட்டு நானும் ஒருநாள் சாரத்தில் கால் தவறினேன். கம்பியைப் பிடித்துத் தப்பித்தேன்.

மேஸ்திரி திட்டினான். "அடுத்த சவப்பெட்டிக்கு நான் காசு தர மாட்டேன் பிரசோப். கடன் வெச்சுட்டுப் போனவன் தட்டத்தான் செய்வான். போய்க் கட்டிட்டு வா."

இரவு நக்கோன் சவனுக்கு ரயில் ஏறினேன். சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது இன்னும் வெளுக்கவில்லை. ஆற்றுப் பக்கத்திலிருந்து மீன் வாடை. பெரிய பானையில் கஞ்சி கொழகொழவென்று கொதித்துக்கொண்டிருந்தது. லம்துவன் அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். கிள்ளிப்போட்ட பன்றிக்கறி உருண்டைகள் வேகிறதா என்று கரண்டியால் தள்ளிப் பார்த்தாள்.

"புது முகமா இருக்கே. முட்டை போடட்டா தம்பி?"

"போடுக்கா."

"இஞ்சி?"

"நிறைய."

எங்கள் ஊரில் காலையில் ஒட்டரிசிச் சோற்றை உருட்டித் தின்போம், கஞ்சியெல்லாம் நோயாளிக்கு. இது அப்படி இல்லை. அரிசி இருந்த தடமே தெரியாமல் கரைந்து, மிளகுத்தூள் மூக்கில் ஏறி, தொண்டையில் சூடாக இறங்கியது. பதினொரு கிண்ணம் ஏன் குடித்தான் என்று முதல் வாயிலேயே புரிந்தது.

அப்போது அவள் இன்னொரு கிண்ணத்தில் ஊற்றினாள். இஞ்சி அள்ளிப் போட்டாள், முட்டை போடவில்லை. என் பெஞ்சின் மறுமுனையில் அதை வைத்து, கரண்டிக் காம்பால் மேசையை மூன்று முறை தட்டினாள்.

அதே தட்டு. அதே இடைவெளி. சந்தைக் கடிகாரத்தில் மணி ஐந்து.

"தோங்கூன், சாப்பிட வா" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெஞ்சின் மறுமுனை தாழ்ந்தது. என் பக்கம் லேசாக மேலே எழும்பியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா, நான் லம்பாங்லேருந்து வர்றேன். அவனும் நானும் ஒரே குடிசை. அவன் கடனைக் கட்ட வந்தேன்." பணத்தை நீட்டினேன்.

கரண்டி நின்றது. "மில்லு ஆளுங்க சொன்னாங்க, எரிச்சாச்சுன்னு. நான் யாரு அவனுக்கு? சாவுக்கு என்னைக் கூப்பிட எனக்கென்ன முறை இருக்கு? காசை உள்ள வை. கடன் இருந்தாத்தான் வருவான்."

"வர்றான்க்கா."

"வர்றானா?" முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "நிஜமாவா? நான் தட்டறது கேக்குதா?"

"எங்க குடிசைத் தகரத்துல கேக்குது. தினமும் எழுந்திரிச்சு வர்றான். முதல்ல செருப்புச் சத்தம் விறுவிறுன்னு போகும். இப்ப இழுத்து இழுத்து நடக்கறான்க்கா. உயிரோட இருந்தப்ப நாலு மணிக்கு எழுந்து மூட்டை தூக்கினான், செங்கல் தூக்கினான். செத்தும் அவனுக்கு லீவு இல்லையா?"

அவள் அடுப்பைத் தணித்தாள். மறுமுனையில் இருந்த கிண்ணத்தையே பார்த்தாள். அதில் மட்டும் ஆவி நின்றுபோய் ஏடு படிந்திருந்தது.

"இஞ்சி இல்லேன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவான்" என்றாள் மெல்ல. "'அடுத்த தடவை வர்றப்ப மொத்தமா தர்றேன், உன்னையும் கூட்டிட்டுப் போறேன்'னான். பொய் சொல்லிப் பய."

என் கிண்ணத்துக்கு மட்டும் முப்பத்தைந்து எடுத்துக்கொண்டு மீதியை என் பக்கம் தள்ளினாள். ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டாள். பெஞ்சின் மறுமுனைக்கு வந்து குனிந்து, விடைகொடுக்கப் பிணத்தின் கையில் ஊற்றுவதுபோல, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் விட்டாள். குரல் உடைந்தது, ஆனாலும் நிறுத்தாமல் சொன்னாள்:

"முந்நூத்தி எண்பத்தஞ்சையும் விட்டுட்டேன்டா. நீ சொன்னதையும் விட்டுட்டேன். இனிமே யாரு தட்டினாலும் எழுந்திரிக்காதே. படுத்துத் தூங்கு."

பெஞ்சின் என் பக்கம் மெதுவாகத் தாழ்ந்தது.