டோரிஸ் பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்தவன்

அந்த வருஷம் நாடு முழுக்க ஆம்பிளைகள் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு, ஜிகினாச் சட்டை மாட்டிக்கொண்டு, குதிகால் உயர்ந்த பூட்ஸில் தடுக்கித் தடுக்கி நடந்தார்கள். பாட்டு என்றால் தரை அதிர மிதிக்க வேண்டும், நடுநடுவே கும்பலாக ‘ஏய்’ என்று கத்த வேண்டும். அப்படி இருந்தால் விற்பனைப் பட்டியலில் இடம் கிடைக்கும், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். எழுபத்து மூன்றாம் வருஷத்தைப் பற்றி யாராவது ஆகா ஓகோ என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ஆகா ஓகோவை வேனில் ஏற்றி இறக்கி இடுப்பு ஒடிந்தவன் நான்.

என் பெயர் ஹொரஸ். ‘சில்வர் டிராம்’ என்ற நாலு பையன்களின் குழுவுக்கு வேன் ஓட்டுவேன், ஸ்பீக்கர் தூக்குவேன், சண்டை விலக்குவேன். பையன்கள் என்பது பேச்சுக்குத்தான், எல்லாருக்கும் இருபத்தைந்து தாண்டிவிட்டது. டிரம்ஸ் வாசித்தவன் கிளிஃபர்டு நாக். பூட்டுக்குப் பேர்போன வில்லன்ஹால்காரன். நல்ல பிள்ளை, வாயில்லாப் பூச்சி.

வசந்த காலத்தில் லண்டனுக்குப் போய் ‘டோரிஸ், கதவைத் திற’ என்ற பாட்டைப் பதிவு செய்தோம். இசைத்தட்டுத் தயாரிப்பாளர் மிஸ்டர் ரேவன் கிளிஃபர்டை இரண்டு முறை வாசிக்கவிட்டுப் பார்த்தார். பிறகு அவன் தோளில் கை போட்டு, “தம்பி, நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வா” என்றார். அவன் டீ குடித்துவிட்டு வந்தபோது, கம்பளிச் சட்டை போட்ட ஒரு வழுக்கைத் தலையர் குச்சிகளைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். கூலிக்கு வாசிக்கிறவர். வேலை முடிந்துவிட்டது. மற்ற மூன்று பேரும் கிளிஃபர்டின் முகத்தைப் பார்க்காமல் கிடாருக்குச் சுருதி கூட்டினார்கள்.

இசைத்தட்டு வெளிவந்ததும் முதல் பிரதியை அப்பாவிடம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். மறுநாள் வேனில் அவன் மூஞ்சியைப் பார்த்து நானே கேட்டேன்.

“என்னடா, அப்பா கேட்டாரா?”

“கேட்டாரு அண்ணே. நல்லாத்தான் இருக்கு, யாரு வாசிக்கிறதுன்னாரு.”

“உனக்கு நாக்கு இல்ல? நான்தான்னு அடிச்சுச் சொல்ல வேண்டியதுதானே?”

“பத்து வருஷமா பக்கத்து ரூம்ல என் சத்தத்தைக் கேட்டுட்டே தூங்கினவரு. அவருகிட்ட எப்படிப் பொய் சொல்றது? லண்டன் ஆளுன்னு சொல்லிட்டேன். தட்டை உறையில போட்டு என் கையில குடுத்துட்டாரு.”

அன்றிலிருந்து ஆரம்பித்தது எனக்கு வந்த கஷ்டம். வேனின் பின்சீட்டில் இரண்டு தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வழுக்கைத் தலையர் வாசித்ததை அப்படியே அடித்துப் பழகுவான். பேட்டரியில் ஓடுகிற சின்ன கிராமபோன் ஒன்று வாங்கியிருந்தான். ஊர் ஊராக, கோடை முழுக்க, டோரிஸ் டோரிஸ் டோரிஸ். என் உயிரை வாங்கிவிட்டான். “டேய், அவ கதவைத் திறந்தாலும் நான் சாத்திடுவேன்டா” என்று கத்திக்கூடப் பார்த்தேன். “இன்னொரு தடவை என்னை டீ குடிக்க அனுப்பக் கூடாது அண்ணே” என்றான்.

இலையுதிர் காலத்தில் அந்தச் சனியன் விற்க ஆரம்பித்தது. நாற்பத்து ஒன்று, முப்பத்து மூன்று என்று படியேறியது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், நெடுஞ்சாலை ஓரச் சாப்பாட்டுக் கடையில் முட்டையும் சிப்ஸும் தின்றுகொண்டிருந்தபோது, ரேடியோவில் பட்டியல் வாசித்தார்கள். இருபத்து நாலு! பாடகன் ராய் மேஜைமேல் ஏறி ஆடினான், கடைக்காரி துடைப்பத்தோடு வந்தாள். கிளிஃபர்டு மட்டும் சாஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாயந்திரம் மிஸ்டர் ரேவனுக்குப் போன் போட்டால், வியாழக்கிழமை டிவி நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றார்.

அந்த நிகழ்ச்சிக்கு ஒரு சடங்கு உண்டு. டிவியில் போய் நிற்கிறவர்கள் இசைத்தட்டுக்கு வெறுமனே வாயசைக்கக் கூடாது, தாங்களே புதிதாக வாசித்துப் பதிவு செய்த டேப்புக்குத்தான் வாயசைக்கலாம். இது வாத்தியக்காரர் சங்கத்தின் விதி. அதைக் கண்காணிக்க சங்கத்திலிருந்து ஓர் ஆள் ஸ்டுடியோவுக்கு வருவார். வந்ததும் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் அவரைக் குடிக்க ஒரு பப்புக்குக் கூட்டிப்போவார். அவர் வயிறு நிறைந்து திரும்புவதற்குள் பையன்கள் சீட்டாடுவார்கள், என்னை மாதிரி ஒருவன் இசைத்தட்டின் டேப்பையே புதிய பெட்டிக்குள் மாற்றி வைப்பான். அது சங்கத்துக்காரருக்கும் தெரியும், டிவிக்காரருக்கும் தெரியும். தெரியாதவர்கள் டிவி பார்க்கிற ஜனங்கள்தான்.

அன்று ராத்திரியே லண்டன் போய்ச் சேர்ந்ததும் மிஸ்டர் ரேவன் அந்த டேப்பை என்னிடம் கொடுத்துவிட்டார். “பத்திரம் ஹொரஸ். இதுல கோளாறு ஆச்சுன்னா நீ மறுபடி நிலக்கரி லாரி ஓட்டப் போயிடுவ” என்றார், சிரித்துக்கொண்டே.

புதன்கிழமை காலையில் கிளிஃபர்டு வேனுக்குப் பின்னால் வந்து நின்றான்.

“அண்ணே, மாத்தாதீங்க.”

“என்னது?”

“டேப்பை மாத்தாதீங்க. நிஜமாவே வாசிக்கிறோம். என் வாசிப்பு டிவியில வரட்டும். வியாழக்கிழமை அப்பா பார்ப்பாரு. ஒரே ஒரு தடவை அண்ணே.”

“என் சோத்துல மண்ணைப் போடப் பார்க்கிறியா?”

அவன் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. எனக்கு அந்த வருஷமே அலுத்துப்போயிருந்தது. ஜிகினா, வாயசைப்பு, யார் வாசித்ததற்கோ யாரோ தலையாட்டுவது, எல்லாமே. “போய்த் தொலை, வாசி” என்றேன். சொன்ன பிறகு நிலக்கரி லாரி ஞாபகத்துக்கு வந்தது என்பதும் உண்மை.

சங்கத்திலிருந்து மிஸ்டர் பென்டில் வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை, “இன்னிக்கு எந்தப் பப்பு?” என்றார். மிஸ்டர் ரேவன் அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கதவு சாத்தியதும் ராய் சீட்டுக்கட்டை எடுத்தான்.

“அதை உள்ள வை. வாசிக்கப் போறோம்.”

“உனக்கென்ன கிறுக்கா ஹொரஸ்? யாரு கேக்கப் போறாங்க?”

“உங்க மூணு பேர்ல எவனாச்சும் வசந்த காலத்துல கிளிஃபர்டுக்காக ஒரு வார்த்தை பேசினீங்களாடா?”

ராய் சீட்டுக்கட்டைப் பைக்குள் போட்டான். முணுமுணுத்துக்கொண்டேதான் எழுந்தார்கள். முதல் தடவை சொதப்பல். இரண்டாவது தடவை கிளிஃபர்டு வாசித்ததைக் கேட்டு எனக்குப் புல்லரித்தது. ஒரு அடி பிந்தவில்லை, ஒரு அடி முந்தவில்லை. தலையணையில் கழித்த கோடை வீண்போகவில்லை.

திரும்பி வந்த மிஸ்டர் பென்டில் வாசலிலேயே நின்று பையன்களை உற்றுப் பார்த்தார்.

“என்னப்பா, எல்லாருக்கும் வேர்த்திருக்கு? ஹீட்டர் கெட்டுப்போச்சா?”

“கஷ்டப்பட்டு வாசிச்சாங்க சார்” என்றேன்.

“அட, சும்மா இரு” என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். புது டேப் இருந்த பெட்டியை டிவிக்காரரிடம் கொடுத்தேன். அன்று சாயந்திரம் படப்பிடிப்பில் அது அலறியபோது மிஸ்டர் ரேவன் என் பக்கம் சாய்ந்து, “கேட்டியா? ஒரிஜினல் ஒரிஜினல்தான்யா” என்றார். நான் இருமுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கிளிஃபர்டிடம் போய்ச் சொன்னதும் அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ஆறு மாசத்தில் நான் பார்க்காதது.

வியாழக்கிழமை ராத்திரி கச்சேரி வில்லன்ஹாலுக்குப் பக்கத்து ஊரில்தான். போகிற வழியில் சாயந்திரம் கிளிஃபர்டும் நானும் அவன் அப்பா வீட்டில் இறங்கினோம். அப்பா ஏமஸ் நாக் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட ரொட்டியும் ஊறுகாய் வெங்காயமும் எடுத்து வைத்திருந்தார். டிவிக்கு நேராக மூன்று நாற்காலி. கிளிஃபர்டு சாப்பிடவே இல்லை. அவன் டிவியைப் பார்க்கவும் இல்லை, அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

டிவியில் எங்கள் பையன்கள் வந்தார்கள். ராய் இடுப்பை ஆட்டினான், பெண்பிள்ளைகள் கத்தினார்கள், கேமரா இரண்டு முறை கிளிஃபர்டைக் காட்டியது. பெரியவர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் எழுந்துபோய் டிவியை அணைத்தார்.

“சட்டை நல்லா இருந்துச்சு” என்றார். “நிஜமாவே வாசிக்கிற மாதிரியே கையை ஆட்டுறடா. நல்லா நடிக்கிற.”

நான் வாயைத் திறந்தேன். “ஐயா, அது—”

கிளிஃபர்டு மேஜைக்கு அடியில் என் காலை ஓங்கி மிதித்தான்.

“அந்த லண்டன் ஆளுதானே இதுவும்?” என்றார் பெரியவர்.

“ஆமாப்பா. அதே ஆளுதான்.”

நீங்கள் கேட்டது உங்கள் மகனைத்தான் என்று எப்படிச் சொல்வது? அந்த வழுக்கைத் தலையரை மாதிரி வாசிக்க வேண்டும் என்று அடித்து அடித்து, இவர் சுவருக்கு அந்தப் பக்கம் பத்து வருஷம் கேட்ட பிள்ளையை அவனே துடைத்துப் போட்டுவிட்டான் என்று சொல்வதா? வேனில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தவன் நான். எனக்கும் உறைக்கவில்லை.

பெரியவர் கத்தியை எடுத்துக் கறிரொட்டியை மூன்றாக வெட்டினார். பெரிய துண்டை மகன் தட்டில் வைத்தார்.

“அவன் கெட்டிக்காரன்தான். குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல” என்றார். “ஆனா எனக்கு உன்னோடதுதான்டா பிடிக்கும். கொஞ்சம் நொண்டும். நொண்டினா என்ன? வீட்டுல நீ இருக்கன்னு தெரியும்ல. ஒரு தடவையாவது உன்னோடதைப் போடச் சொல்லி அவங்ககிட்டக் கேட்கக் கூடாதா?”

கிளிஃபர்டு முள்கரண்டியைக் கையில் எடுத்தான்.

“கேட்டுப் பார்க்கிறேம்பா” என்றான்.