மூன்று பேருக்கு ஒரு விண்கலம்

ஆறு வருடங்களாக மூவரும் ஆடிவந்த விண்வெளி விளையாட்டை மாதக் கடைசியோடு மூடப்போகிறார்கள் என்ற அறிவிப்பு வந்ததிலிருந்து ஸாமலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கரகந்தா ரயில் நிலையத்தில் வண்டிகளுக்கு வழிவிடும் அறையில் அவளுக்கு வேலை. ஓய்வு நாளில் ஒரு நிமிடம் உட்கார முடியாமல் சமையலறைக்கும் கம்ப்யூட்டருக்குமாக நடந்துகொண்டிருந்தாள். போட்ட பால் தேநீர் மூன்று இடத்தில் ஆறிக் கிடந்தது.

மற்ற இருவரையும் அவள் நேரில் பார்த்ததே இல்லை. ஜசூர் தாஷ்கண்டில் செல்போன் பழுது பார்ப்பவன், வாய்த் துடுக்கு. தாலாய் ஓஷ் நகரத்தில் செங்கல் ஆலைத் தொழிலாளி. மூவரில் இளையவன், அதிகம் பேசாதவன். ஆனால் ஆறு வருடமாகத் தினமும் கேட்ட குரல்கள். விளையாட்டோடு அவையும் போய்விடுமோ என்பதுதான் அவள் பயம். அதை இருவரிடமும் சொல்லவில்லை.

புது விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டாள். ஒரு நோட்டில் கோடு போட்டு மூன்று பெயர் எழுதினாள்: 'ஓரியன் எல்லை', 'கறுப்புச் சந்தை', 'நான்காம் வட்டம்'. முதலாவது கண்ணைப் பறிக்கும் அழகு. இரண்டாவதில் பெரிய பெரிய கூட்டணிகள், வியாபாரம், மாதக்கணக்கில் நடக்கும் போர்கள். மூன்றாவதில் மூன்று பேரும் ஒரே கலத்தில் ஏற வேண்டும்; ஒருவர் ஓட்ட, ஒருவர் சுட, ஒருவர் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள. இணையத்தில் எதைப் பற்றிப் படித்தாலும், ஆடிப் பார்த்தவர்களில் ஒருவன் தலையில் தூக்கி வைத்து ஆடினான், இன்னொருவன் காறித் துப்பினான். காலையில் ஒன்றை அடித்துவிட்டு மத்தியானம் மறுபடி எழுதினாள்.

"அக்கா, நீங்க பொண்ணு பார்க்கிற மாதிரி பார்க்கிறீங்க," என்றான் ஜசூர். "ஓரியனைப் போடுங்க. அந்தக் கிரக வளையங்களுக்கு நடுவுல ஒருதடவை பறந்து பாருங்க, வேற எதுவும் பிடிக்காது."

சனிக்கிழமை மத்தியானம் ஓரியனை ஆடிப் பார்த்தார்கள். ஜசூர் வளையங்களுக்கு நடுவே வித்தை காட்டினான். தாலாயின் கலம் கிளம்பின இடத்திலேயே சுவரில் மோதி வெடித்தது. மறுபடியும், மறுபடியும்.

"உன் கம்ப்யூட்டர் இழுக்கலையாடா?" என்று கேட்டாள் ஸாமல்.

"இல்லக்கா, அது நல்லாத்தான் இருக்கு."

கறுப்புச் சந்தையில் ஒரு மணி நேரம் போவதற்குள் ஜசூர் கொட்டாவி விட்டான். நான்காம் வட்டத்தில் சுடுபவரின் இடத்தில் தாலாயை உட்கார வைத்தார்கள். எதிரிக் கலம் மூக்குக்கு முன்னால் வந்து நின்றும் அவன் திருப்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"உனக்கு என்னடா, கை விளங்கலையா?" என்றான் ஜசூர்.



"ஆமாண்ணே," என்றான் தாலாய். "வலது கை. அக்டோபர்ல ஆலையில செங்கல் அச்சு இயந்திரத்துல மாட்டிக்கிச்சு. கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம்."

ஸாமல் எழுந்து நின்றுவிட்டாள். அக்டோபரிலிருந்துதான் பழைய விளையாட்டில் அவன் சரக்குக் கலத்தை மட்டும் கேட்டு வாங்கினான். பாதையைக் குறித்துவிட்டால் தானாகவே ஓடும் கலம் அது. சோம்பேறி என்று இருவரும் கேலி செய்திருந்தார்கள்.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீங்க மெதுவா ஆடுவீங்க. ஊர்ல எல்லாரும் எங்கிட்ட மெதுவாத்தான் பேசுறாங்க. இங்க மட்டும்தான் திட்டு வாங்குறேன்."

ஜசூர் மன்னிப்புக் கேட்டான். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. அது தாங்காமல் தாலாய் இணைப்பைத் துண்டித்துக்கொண்டான்.

அடுத்த மூன்று நாள் அவன் வரவில்லை. வண்டிகளை அனுப்பும்போதும் ஸாமலின் மனம் ஓஷுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, மூன்று விளையாட்டையும் இடது கையால் மட்டும் ஆடிப் பார்த்தாள். ஓரியன் பத்து நிமிடத்தில் மணிக்கட்டை முறித்துப் போட்டது. கறுப்புச் சந்தையை ஒரு கையால் ஆட முடிந்தது, ஆனால் அதில் மூவரும் மூன்று மூலையில் கிடக்க வேண்டும். நான்காம் வட்டத்தில் பொத்தான்களை நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஓட்டுபவருக்கு வேண்டிய பொத்தான்களையெல்லாம் கீபோர்டின் இடது ஓரத்துக்குக் கொண்டுவர அவளுக்கு ஐந்து மணி நேரம் பிடித்தது. அந்தப் பொத்தான் அமைப்பைத் தாலாய்க்கு அனுப்பி, "ஒரு நாள் பார். பிடிக்கலைன்னா விட்டுடு," என்று மட்டும் எழுதினாள்.

புதன்கிழமை சாயங்காலம் அவன் வந்தான்.

"எனக்காக இதை எடுக்காதீங்கக்கா."

"உனக்காக இல்லடா. ஓரியன்ல ஜசூர் ஒருத்தன் பறப்பான், நாம வாயைப் பிளந்து பார்த்துக்கிட்டிருக்கணும். எனக்கு அது வேண்டாம்."

அது பாதி உண்மைதான். தாலாய் கொஞ்சம் யோசித்தான்.

"அப்ப இயந்திரத்தைப் பார்க்கிற வேலையைக் கொடுத்து ஓரமா உட்கார வைக்கக் கூடாது. நான் ஓட்டுறேன்."

"ஓட்டத்தான் மாத்தி வெச்சிருக்கேன்."

ஓட்டினான். முதல் கலம் விண்கற்கூட்டத்தில் சிதறியது. இரண்டாவதும். ஜசூர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "பரவாயில்ல தம்பி, பரவாயில்ல," என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்கக் கேட்க ஸாமலுக்கு எரிச்சலாக வந்தது. ஆறாவது கலத்தை விண்வெளி நிலையத்தில் நிறுத்தப் போன தாலாய், பின்பக்கமாகத் திருப்பி, ஜசூர் உட்கார்ந்திருந்த துப்பாக்கி மேடையையே சுவரில் தேய்த்துப் பிய்த்து எறிந்தான்.

"டேய் குருடா," என்று கத்தினான் ஜசூர். "நான் இருந்த பக்கம்தான் கிடைச்சுதா உனக்கு? கழுதை வண்டி ஓட்டக்கூட நீ லாயக்கில்ல."

தாலாய் விழுந்து விழுந்து சிரித்தான். இத்தனை வருடத்தில் அவன் அப்படிச் சிரித்து ஸாமல் கேட்டதில்லை.

"துப்பாக்கி இல்லாம எங்கண்ணே போறது?" என்றான் சிரிப்புக்கு நடுவே.

"எங்கயாவது போய்த் தொலை. முதல்ல கதவைச் சாத்து, காத்துப் போகுது."

திரையில் ஸாமல் கலத்தின் இயந்திர அறைப் பக்கம் ஓடினாள். தீ பிடித்திருந்தது.