பெயர்ப்பலகைத் தீர்மானம்

அவன் கடப்பாரையோடு வந்தபோது காலை பதினொரு மணி. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

கணவனிடம் அடிபட்டு ஓடிவரும் பெண்களை ஒளித்து வைக்கும் இல்லம் எங்களுடையது. தபால்காரருக்குக்கூட அது வெறும் நான்காம் எண் வீடாகத்தான் இருந்தது. நான் அங்கே சமையல்காரி. ஒரு காலத்தில் நானும் அப்படி ஓடிவந்தவள் என்பதால், நிர்வாகக் குழுவில் 'பெண்களின் பிரதிநிதி' என்று ஒரு நாற்காலியும் கொடுத்திருந்தார்கள். பெருமைக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

மூன்றாவது அடியில் கதவு பிளந்தது. அவன் தேடி வந்தது தன் மனைவியை, எங்கள் தையல்காரியை. நான்கு மாதமாக மாடி அறையில் இருந்தாள். கத்தரி பிடித்தே மகளை ஆளாக்கிவிடலாம் என்று நம்பியிருந்தவள். சத்தம் கேட்டு அதே கத்தரிக்கோலோடு படியில் வந்து நின்றாள்.

நான் உலைநீரைத் தூக்கி அவன்மேல் ஊற்றினேன். பாதி அவன் கழுத்தில், பாதி என் காலில். அலறினான், ஆனால் நிற்கவில்லை. முழங்கையால் என் வாயில் இடித்தான். உதடு கிழிந்து இரண்டு பற்கள் நாக்கின்மேல் விழுந்தன. அதற்குள் அவள் வலது கையைப் பிடித்துப் படியில் அழுத்திக் கடப்பாரையை இறக்கினான். கத்தரிக்கோல் தெறித்தது. மறுபடியும் இறக்கினான். மறுபடியும். நான் அவன் முதுகில் ஏறிக் காதைக் கடித்தேன். விட மனமில்லை. பக்கத்துப் பட்டறை ஆட்கள் ஓடிவந்து எங்களைப் பிரித்து, அவனைக் கயிற்றால் கட்டிப்போட்டார்கள்.

போலீஸ் வரும்வரை அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

"தேடி அலையவே வேணாம். வாசல்லயே போர்டு வெச்சிருக்காங்க" என்றான். லாரி ஓட்டுகிறவன். சாலையில் போகும்போது பார்த்திருக்கிறான், இரண்டு நாள் எதிரில் வண்டியை நிறுத்திக் காத்திருக்கிறான்.

போர்டு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. 'வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்கான பாதுகாப்பு இல்லம்' என்று ஆள் உயர எழுத்து. அதன் கீழே நிதி கொடுத்த அறக்கட்டளையின் பெயர். இதென்ன கூத்து என்று அன்றே இல்லத்தின் எழுத்தரிடம் கேட்டேன். குழுவின் தீர்மானம் என்றார். நான் போகாத ஏதோ கூட்டம் போலிருக்கிறது, படித்தவர்கள் யோசிக்காமலா செய்வார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவசரக் கூட்டம். எங்கள் தலைவர் எதைக் கேட்டாலும் 'ஆகட்டும்' என்பார். அதனால் அதுவே அவருக்குப் பெயர். உதட்டில் தையலோடு உள்ளே போய் நேராக அவர் சட்டையைப் பிடித்தேன். எவன் வைக்கச் சொன்னான் என்று கேட்டேன். நாற்காலிகள் சாய்ந்தன. அவர் பதறவே இல்லை. தீர்மானப் புத்தகத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

"எல்லாரும் சேந்து எடுத்த முடிவும்மா. நீயும்தான் கையெழுத்து போட்டிருக்கே."

போட்டிருந்தேன். என் கோணல் கையெழுத்து, தேதியோடு.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம். உள்ளே நுழைந்ததும் எழுத்தர் புத்தகத்தை நீட்டுவார். எழுதாத பக்கங்கள் மூன்றின் அடியில் எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். பிறகு டீ. பேசியதையும் பேசாததையும் அவர் சாவகாசமாக மேலே நிரப்பிக்கொள்வார். கூட்டம் சீக்கிரம் முடியும், நான் அடுப்பைப் பார்க்கப் போகலாம். ஆறு வருடமாக அதை வருகைப் பதிவு என்றே நினைத்திருந்தேன். சாலையிலிருந்து தெரியும்படி போர்டு வைக்க வேண்டும் என்று அறக்கட்டளை நிபந்தனை போட்டதை 'ஆகட்டும்' எங்கள் யாரிடமும் வாய்திறந்து சொல்லவில்லை. இது ரகசிய வீடு, போர்டு வைக்க முடியாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவர்களே விட்டிருப்பார்களாம். அதை எழுதவும் ஆளில்லை.

அந்தப் புத்தகத்தாலேயே அவர் முகத்தில் அடித்தேன். கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்தது. இரண்டாவது அடிக்குக் கையை ஓங்கியபோது விரிந்த பக்கத்தில் மறுபடி என் பெயர் தெரிந்தது. கை தானாக இறங்கிவிட்டது.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நொண்டிக்கொண்டே நடந்தேன். வேண்டுமானால் பொய் சொல்லலாம். பழியைப் போட அவர் இருக்கிறார், எழுத்தர் இருக்கிறார். வழி நெடுக அதைத்தான் யோசித்தேன், வெட்கமாக இருந்தது.

தையல்காரியின் வலது கை தோள்வரை கட்டுப்போட்டு இருந்தது. இனி விரல் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அக்கா, யாரு அந்த போர்டை வெக்கச் சொன்னது?"

"நான்தான்டி. என்னன்னு படிக்காம கையெழுத்து போட்டேன்."

தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிறகு இடது கையால் அறைந்தாள். தைத்த உதடு பிரிந்து மோவாயில் ரத்தம் வழிந்தது. நான் நகரவில்லை.

"இன்னும் அடி" என்றேன்.

"போதும்க்கா. எனக்கு மிச்சம் இருக்கறது இந்த ஒரு கைதான்."