முந்திக்கொண்ட ஸ்தோத்திரம்

ரத்தினபாய் டீச்சரைப் போல ஓர் அவசரக்குடுக்கையைப் பீர்க்கன்கரணை முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. ஜெர்மனியில் மேற்படிப்புப் படிக்கும் மகள் அபிகாயில் போன வாரம் போனில், "இன்டர்வியூ நல்லா பண்ணியிருக்கேன்மா, சொல்றோம்னாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இந்த ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர், நன்றி சொல்லிச் சபையார் கொடுத்த ஸ்தோத்திர காணிக்கைகளை வாசித்தபோது, "மகள் அபிகாயிலுக்கு ஜெர்மனியில் இன்டர்ன்ஷிப் கிடைத்ததற்காக, வேதசிரோமணி குடும்பத்தார்" என்று மைக்கில் முழங்கியது. டீச்சரின் கணவர் வேதசிரோமணி கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை நழுவவிட்டார்.

"கிடைச்சிடுச்சுன்னு அவ எப்போ சொன்னா?"

"கிடைக்கும்னு விசுவாசிச்சு முன்னாடியே நன்றி சொன்னா என்ன தப்பு? சும்மா இருங்க."

ஆராதனை முடிந்து வாசலில் ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். டீச்சருக்குத் தலை கால் புரியவில்லை. அந்த ஆராதனை யூடியூபிலும் ஓடும், அதை மகள் ஒரு வாரம்கூட விடாமல் பார்ப்பாள் என்பதெல்லாம் அப்போது எங்கே நினைவுக்கு வரப்போகிறது?

மதியம் சோறு வடிக்கும்போது போன் அடித்தது.

"அம்மா, என்னம்மா பண்ணி வச்சிருக்க? வெள்ளிக்கிழமையே இல்லைன்னு மெயில் வந்துடுச்சு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாளா..." மிச்சம் அழுகையில் போய்விட்டது.

இன்டர்ன்ஷிப் முடிக்காமல் பட்டம் கிடையாது. எத்தனையோ கம்பெனிகள் பதிலே போடாதபோது, இன்டர்வியூ வரைக்கும் வந்தது இது ஒன்றுதான். பெற்ற பிள்ளை கண்காணாத ஊரில் தனியாக உட்கார்ந்து அழுதிருக்கிறாள், தாயார் இங்கே வாயெல்லாம் பல்லாக நின்றிருக்கிறார்! பாவி, பாவி என்று டீச்சர் தன்னையே திட்டிக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லாதம்மா. கிடைச்ச மாதிரியே இருக்கட்டும். அதுக்குள்ள வேற ஒண்ணு தேடிடறேன்."

"சரிடி, சொல்லல" என்றார் டீச்சர்.

அன்று மாலை வீட்டு ஜெபக்கூட்டம் இவர்கள் வீட்டில்தான். ஜெபம் முடிந்து காபி கொடுக்கும்போது, பக்கத்துத் தெரு ஜாய்சனின் அம்மா ஆரம்பித்தார். "டீச்சர், அபிய கூப்பிடுங்க. எல்லாரும் விஷ் பண்ணணும்ல?"

தட்ட முடியவில்லை. வீடியோவில் அபிகாயில் தலை வாரி, நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"தேங்க்ஸ் ஆன்ட்டி... ஆமா, அடுத்த மாசம் ஜாயின் பண்ணணும்."

உதடு சிரித்தது, கண்ணிமை வீங்கிக் கிடந்தது. அதற்கு மேல் டீச்சரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"கிடைக்கல" என்றார் சத்தமாக. "என் பொண்ணுக்கு அது கிடைக்கல. நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிட்டு அறிவிச்சிட்டேன். என் மானத்தைக் காப்பாத்தத்தான் குழந்தை இப்படி நிக்கிறா. எல்லாரும் மன்னிச்சுக்கோங்க."

ஜாய்சனின் அம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அட, இதுக்கா டீச்சர் கண்ணு கலங்கறீங்க? எங்க ஜாய்சன் கனடா போய் ஆறு மாசம் வேலை இல்லாம சும்மாதான் இருந்தான். நான்தான் வெளில வாயே திறக்கல."

"ஆன்ட்டி, நிஜமாவா?" என்றது போன்.

"பின்ன? அவன் நம்பர் தரேன், நீயே கேளு கண்ணு."

எல்லோரும் அவளுக்காக இன்னொரு முறை ஜெபித்துவிட்டுக் கிளம்பினார்கள். செருப்புச் சத்தமெல்லாம் ஓய்ந்த பிறகும் அபிகாயில் போனை வைக்கவில்லை.

"அம்மா."

"சொல்லுடி தங்கம்."

"எதுவுமே கிடைக்கலன்னா... நான் வீட்டுக்கு வந்துடலாமா?"

"இன்னைக்கே வாடி! உன் கட்டில்மேல துவைச்ச துணியைக் குவிச்சு வச்சிருக்கேன். எடுத்தா ஆச்சு."

அபிகாயில் சிரித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

"வரலம்மா. நாளைக்கு இன்னும் ரெண்டு கம்பெனிக்கு அப்ளை பண்ணணும். சும்மா கேட்டுப் பார்த்தேன்."

போனை வைத்துவிட்டு, டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே மகளின் அறைக்குப் போய்த் துணிகளை அள்ளினார்.

வேதசிரோமணி அறை வாசலில் வந்து நின்றார். "அவதான் வரலன்னு சொல்லிட்டாளே?"

"சொல்லட்டும். கட்டில் காலியா இருக்கட்டும்."